மஞ்சப்பையா, வாட்ஸ்அப்பா, ஆபாவா: ஒரு டெல்டா ஆஸ்பத்திரி போட்ட கணக்கு

போன குறுவை அறுப்பு சமயம். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு, ராத்திரி ஏழரை மணி வாக்கில், ஒருவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். வரப்பில் மிதித்திருக்கிறார். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் தடம், சுற்றிலும் வீக்கம். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை பார்த்தோம். குழாயைச் சாய்த்தால் ரத்தம் தண்ணீராகவே ஓடியது. டாக்டர் பத்து வயல் விஷமுறிவு மருந்து ஏற்றினார். (வயல் என்றால் இங்கே மருந்துக் குப்பி. ‘வயல்ல கடிச்சுது, பத்து வயல் போட்டாச்சு’ என்று எங்கள் நர்ஸ் போனில் சொல்ல, எதிர்முனையில் யாரோ ‘எந்த வயல்ல?’ என்று கேட்டார்கள்.) ஒன்பதரை ஆகியும் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. 108-ஐ வரவழைத்துத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். வீட்டம்மா ஆம்புலன்ஸில் ஏறினார். பரிந்துரைச் சீட்டை மைத்துனர் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பைக்கில் பின்தொடர்ந்தார். வடுவூர் தாண்டியதும் பைக் பஞ்சர்.

பத்தேமுக்காலுக்கு எங்கள் ரிசப்ஷன் போன் அடித்தது. மாத்திரைக் கவரில் அச்சிட்டிருந்த நம்பரைப் பார்த்துத் தஞ்சாவூர்ப் பணி மருத்துவர் பேசினார். “எத்தனை வயல் போட்டீங்க? எத்தனை மணிக்கு முடிச்சீங்க?” கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். எண்ணிக்கை இருந்தது. மணி எழுதவில்லை. விஷமுறிவு போட்டு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி உறைவுச் சோதனை பார்த்துத்தான் அடுத்த குப்பிகளை முடிவு செய்வார்கள். மணி தெரியாவிட்டால் அந்த ஆறு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? பழி எங்கள்மீதுதான், வேறு யார் மீதும் இல்லை. நர்ஸை எழுப்பிக் கேட்டுச் சொன்னேன். ஆள் பிழைத்து எட்டாம் நாள் வீடு திரும்பினார் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் டாக்டர் சொன்னார்: “இந்த ரெக்கார்டு சமாச்சாரத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவாங்க.” கணக்கு பார்ப்பதும் கேஸ் ஷீட் அறையைப் பார்ப்பதும் நான்தான். நோயாளியின் தகவலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்க என்னென்ன வழி என்று, கையில் கொண்டுவரும் மஞ்சப்பை முதல் ஆபா என்ற மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார எண் வரை, மூன்று மாதம் விசாரித்ததை இங்கே எழுதுகிறேன். என் அளவுகோல் அந்த ராத்திரி வந்த போன்: நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டர், அவர் அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, கேட்கும் கேள்விக்குப் பதில் அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா?

ஏற்கெனவே போகிற தகவல்

தனியார் ஆஸ்பத்திரிக்கும் அரசுக்கும் நடுவே ஒன்றுமே பரிமாறிக்கொள்வதில்லை என்று நினைப்பவர்கள் எங்கள் கவுண்ட்டரில் ஒரு பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கர்ப்பிணி வந்தால் முதல் கேள்வியே பிக்மி நம்பர், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்தான்; அது இல்லாமல் பிரசவமானால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். காசநோய் கண்டுபிடித்தால் நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும்; 2012 முதல் தனியாரும் அறிவித்தே ஆக வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியையும் அறிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. முதல்வர் காப்பீட்டில் ஆபரேஷன் என்றால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் வடிகால். பாசன வாய்க்கால் இல்லை. எங்களிடமிருந்து வடிந்து மேலே போகும். எங்களுக்கோ, தஞ்சாவூர் பணி மருத்துவருக்கோ, நோயாளிக்கோ ஒரு சொட்டுத் திரும்பாது. அந்தப் பாம்புக்கடியை முறைப்படி அறிவித்தோம். அறிவித்ததால் அவருக்கு மணி தெரிந்துவிட்டதா? புள்ளிவிவரத்துக்கு அது அவசியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘அரசோடு இணைந்துவிட்டோமே, இன்னும் என்ன’ என்று கேட்கும் டாக்டர்களுக்கு இதுதான் பதில்.

மஞ்சப்பை

முதல் வழி, இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுவது. எல்லாத் தாளும் நோயாளி கையில்.

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார், கால் இரண்டும் வீங்கி. கவுண்ட்டரில் பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எப்போதோ எடுத்த எக்கோ, நான்காக மடித்து மடிப்பில் கிழிந்த ஓ.பி. சீட்டு, எழுத்து மொத்தமாக மறைந்துபோன நாலைந்து லேப் தாள். சூடுபட்டு அச்சாகும் அந்த வழவழப்புத் தாள் ஒரு கோடை தாங்காது. அடியில் இரண்டு மாத்திரை அட்டை.

“தம்பி, இது வீட்டுக்கு வர்ற பொண்ணு மாசாமாசம் குடுக்குறது. இது நம்ம டாக்டரம்மா எழுதுனது. ரெண்டையும் ஒரு நாள் விடாம சாப்புடுறேன்.”

திருப்பிப் பார்த்தேன். பெயர்தான் வேறு, இரண்டுமே ஆம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பி.பி., சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். அரசுப் பக்கம் என்ன கொடுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. நடுவில் பெரியம்மா இரட்டை அளவு விழுங்கிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் அந்த மாத்திரையின் பக்கவிளைவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது எந்தக் கணினியும் இல்லை, அந்தப் பைதான். பையை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குக் கரண்டு வேண்டாம், சிக்னல் வேண்டாம், யாருக்குக் காட்டுவது என்பது முழுக்க நோயாளி இஷ்டம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்களில் தாளும் பேனாவும்தான் வைத்தியம் பார்த்தன. அதே கஜாவில் கூரை பறந்த வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட மிஞ்சவில்லை என்பதும், எங்கள் கேஸ் ஷீட் அறையிலேயே இரண்டு அலமாரி ஊறி மாவாகிப்போனது என்பதும் அதே கதையின் மறுபாதி.

தாளிலேயே எழுதுவதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதை முதலில் ஒழுங்காகச் செய்கிற ஆஸ்பத்திரி எத்தனை என்பது தனிக் கேள்வி. நோயாளிக் குறிப்பு தஞ்சைச் சீமைக்குப் புதுசும் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் சரபோஜி மன்னர் தனது கண் நோயாளிகளின் வரலாற்றை, கண்ணையே ஓவியமாக வரையச் செய்து, ஒவ்வொருவருக்கும் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு மணி எழுதத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்

இது வழியே இல்லை என்று கூட்டங்களில் பேசுவார்கள். ஆனால் டெல்டாவில் அரசும் தனியாரும் உண்மையில் பேசிக்கொள்வது இதில்தான். பாம்புக்கடி ராத்திரியில் நானும் அதைத்தான் செய்தேன்: கேஸ் ஷீட்டையும், வீக்கம் எவ்வளவு ஏறியது என்று பேனாவால் கோடு போட்டு எடுத்திருந்த கால் படத்தையும் பணி மருத்துவரின் நம்பருக்கு அனுப்பினேன். சில விநாடிகளில் போய்ச் சேர்ந்தது. என் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

பொங்கலுக்கு என் மகள் கேலரியைப் புரட்டிக்கொண்டிருந்தவள், “அப்பா, இது யாரு காலு?” என்று கேட்டாள். அழிக்க மறந்திருக்கிறேன். படத்தில் பேரும் ஊரும் எழுதிய பட்டை தெளிவாகத் தெரிந்தது. கால் என்பதால் போயிற்று. வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? அந்தப் படம் இப்போது எத்தனை போனில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. அனுப்பிய எவராலும் முடியாது.

மென்பொருள் விற்பவர்கள்

நான்கு வருடம் ஒரு கம்பெனியின் மென்பொருளை வைத்திருந்தோம். பில் போட அருமையாக இருந்தது. வருடச் சந்தா ஏறியபோது மாறலாம் என்றோம். எங்கள் நோயாளிகளின் தகவலை எங்களுக்கே திருப்பித்தரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். கட்டிய பிறகு வந்தது ஒரு பென்டிரைவ். உள்ளே ஆளுக்கொரு பி.டி.எஃப்., பெயர் போட்டுத் தேடக்கூட முடியாது. குத்தகைக்குக் கொடுத்த நிலத்துக்கு நாமே வரப்பு கேட்டு நிற்பது மாதிரி ஆகிவிட்டது.

திருச்சி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் சொந்தச் செயலிகள் உள்ளே நன்றாகவே ஓடுகின்றன. அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கிளைக்குப் போனால் எல்லாம் திரையில் வரும். மதிலுக்கு வெளியே வந்தால் மறுபடி பை.

இன்னொரு வகை ஆட்களும் வந்தார்கள். மென்பொருள் இலவசம், கணினிகூட இலவசம், பதிலுக்குப் பேரை நீக்கிவிட்டு ‘ஆராய்ச்சிக்கு’ தகவலைப் பயன்படுத்திக்கொள்வார்களாம். லண்டனில் ராயல் ஃப்ரீ என்ற அரசு மருத்துவமனை அமைப்பு 16 லட்சம் நோயாளிகளின் ஆவணங்களை கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் செயலி. ஆனால் நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லவில்லை, சட்டப்படி தவறு என்று 2017-இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் தீர்ப்புச் சொன்னார். அங்கேயாவது கேட்க ஓர் ஆணையர் இருந்தார். எங்கள் டாக்டரம்மா பத்து நிமிடத்தில் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆபா

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27-ஆம் தேதி நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அதில் நோயாளிக்குக் கிடைப்பது 14 இலக்க ஆபா (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுண்ட்) எண். பலர் நினைப்பதுபோல எல்லோருடைய ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே கிடங்கில் போய்க் குவிவதில்லை. எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி எங்களிடமே இருக்கும், மெடிக்கல் காலேஜ் ரிப்போர்ட் அவர்களிடமே இருக்கும். எங்கே எது இருக்கிறது என்ற இணைப்பு மட்டும் ஆபாவோடு கட்டப்படும். தஞ்சாவூர் டாக்டர் பார்க்க வேண்டுமானால் கோரிக்கை அனுப்புவார். நோயாளி தன் போனில் எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாளுக்கு என்று பார்த்து அனுமதி கொடுப்பார். பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். மதகின் திருகு நிலத்துக்காரர் கையில் இருப்பது மாதிரி.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் காரைக்கால் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு ஊர் மாறியதே தெரியாது, ஆனால் அது புதுச்சேரி அரசு. இங்கே பார்த்தவர் அங்கே போய்ச் சேர்கிறார், அங்கிருந்து ஜிப்மருக்குப் போகிறார். தமிழ்நாட்டு அமைப்புகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எல்லையில் நின்றுவிடும். ஆபா நிற்காது.

மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ‘ஆபாவோடு இணைந்தது’ என்று எல்லோரும் அட்டையில் அடிக்கிறார்கள். இணைப்பில் மூன்று படி உண்டு: எம்1 என்பது ஆபா எண் எடுத்துத் தருவதும் சரிபார்ப்பதும், எம்2 என்றால் நம் ஆவணத்தைப் பிறருக்கு அனுப்ப முடியும், எம்3 என்றால் பிறர் ஆவணத்தை நாம் அனுமதியோடு பார்க்க முடியும். எம்1-ஓடு நிற்கும் மென்பொருள் எங்களுக்கு உதவாது. வாசலில் கியூ.ஆர். ஒட்டி ஓ.பி. டோக்கன் போடுவதோடு சரி. எம்3 இல்லாமல் பெரியம்மாவின் இன்னொரு மாத்திரை எங்கள் திரைக்கு வராது. அரசு நிலையமும் தன் பக்கப் பதிவை இணைத்திருந்தால்தான் அப்போதும் வரும்.

ஆவணம் நம்மிடமே இருக்கும் என்பதற்கு இன்னோர் அர்த்தம், அதைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையதே. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கணினிகளையே ஹேக்கர்கள் முடக்கினார்கள். சுமார் இரண்டு வாரம் அங்கே கையால் எழுதி ஓட்டினார்கள். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, ரிசப்ஷன் கணினியின் கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டிவைத்திருந்த தாளைக் கிழித்தார்.

திருகு யார் கையில்?

காகிதத்தில் ஆபா எல்லாவற்றையும் ஜெயிக்கிறது. கவுண்ட்டரில் கதை மாறுகிறது.

பெரியம்மாவுக்கு ஆபா எடுக்க உட்கார்ந்தோம். ஆதாரில் இருப்பது மகன் நம்பர். மகன் சிங்கப்பூரில். ஓ.டி.பி. அவருக்குப் போய், அவர் ஷிப்ட் முடித்துப் பார்த்தபோது அது காலாவதி. கைரேகை வைக்கலாமா என்றால், நாற்பது வருடம் நாற்றுப் பறித்து நட்ட விரல். ரேஷன் கடை மிஷினே மூன்று நாளைக்கு ஒரு முறைதான் ஏற்றுக்கொள்கிறது என்றார். கடைசியில் ராத்திரி ஒன்பதரைக்கு, அங்கே நள்ளிரவு பன்னிரண்டு, மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, முடிந்தது. அடுத்து அனுமதிக் கோரிக்கை வருவது செயலியில், அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன். திருகு அவர் பேரில், பிடித்திருப்பது பேத்தி.

பேத்தி நல்ல பெண். எல்லா வீட்டிலும் அப்படியா? ஒரே போனில் குடும்பம் முழுவதும் ஓடும் வீட்டில், மருமகளின் கருத்தடை ஆலோசனையோ கருக்கலைப்புக் குறிப்போ கணவர் போனில் வந்து விழுந்தால் என்ன ஆகும்? நகரத்தில் ‘தகவல் திருட்டு’ என்றால் எங்கேயோ இருக்கும் ஹேக்கர். எங்கள் ஊரில் அப்படியில்லை. கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவாக இருப்பார். எச்.ஐ.வி. நிலையை அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. மனநோய்க்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். பாதுகாப்பு என்றதும் எல்லோரும் சர்வரைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குப் பயம் ரிசப்ஷன் பெஞ்சைப் பற்றித்தான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிசு. பாம்பு கடித்து மயங்கிக் கிடப்பவர் ஓ.டி.பி. சொல்லமாட்டார். அவர் போன் வயலில் கிடக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சம்மதம் இல்லாமலும் தகவலைப் பயன்படுத்த 2023 சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டம் இடம் கொடுத்தால் போதுமா, ராத்திரி பதினொரு மணிக்குத் திரையும் இடம் கொடுக்க வேண்டுமே. ஆக, நான் தொடங்கிய அந்த ராத்திரிக்கு ஆபா விடை இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

என் சிபாரிசு

நோய் இரண்டு விதம்; வழியும் இரண்டு. சுகர், பி.பி., சிறுநீரகம், புற்றுநோய், இதயம் என்று வருடக்கணக்கில் நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்குபவர்களுக்கு ஆபா. அவசரத்துக்குத் தாள். ஒன்றை இன்னொன்றின் வேலைக்கு அனுப்பினால் இரண்டும் கெடும்.

ஆபாவில் எடுத்ததும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் லேப் ரிப்போர்ட்டும் போதும். மகப்பேறு, மனநலம், எச்.ஐ.வி. சார்ந்த எதையும் நோயாளி தனியாகக் கேட்டால் ஒழிய இணைக்கக்கூடாது. கேட்பதும் உறவினரை வெளியே அனுப்பிவிட்டு. ஆபா விருப்பத்தின் பேரில்தான், இல்லாதவருக்கு வைத்தியம் இல்லை என்று சொல்ல முடியாது என்பதைக் கவுண்ட்டரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொல்லமாட்டேன், சொன்னாலும் யாரும் நிறுத்தப்போவதில்லை. ஆஸ்பத்திரி போன் ஒன்றிலிருந்து மட்டும் அனுப்பி, மறுநாள் காலை ஷிப்ட் மாறும்போது அழித்துவிட வேண்டும்.

அவசரச் சீட்டை மாற்றிவிட்டோம். கெட்டி மஞ்சள் அட்டை, கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று 108-இல் வரும் மருத்துவ உதவியாளர் கையில், இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் நோயாளியின் கையிலேயே கட்டி. மைத்துனர் சட்டைப்பை இனி கிடையாது. கடித்த மணி, முதல் குப்பி மணி, கடைசிக் குப்பி மணி, உறைவுச் சோதனை முடிவு என்று கட்டம் போட்டிருக்கிறோம். கட்டம் காலியாக இருந்தால் வண்டி கிளம்பாது என்று நர்ஸ்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் அட்டை அச்சடிக்க ஆன செலவு, மென்பொருள் கம்பெனி கேட்ட வருடச் சந்தாவில் ஒரு மூலைக்கும் காணாது.

மீதி இருப்பது தட்டச்சு. சம்மரியை யார் அடிப்பது? பக்கத்துத் தெருவில் பி.எஸ்சி. முடித்த ஒரு பெண்ணை மாலை நேரத்துக்குப் பேசியிருக்கிறோம். முதல் வாரமே அவள் ஒரு கேஸ் ஷீட்டை நீட்டிக் கேட்டாள்: “அண்ணே, எல்லா நாளும் சி.எஸ்.டி.ன்னே எழுதியிருக்கு. அப்படின்னா என்ன மாத்திரைண்ணே?” அதே சிகிச்சையைத் தொடரவும் என்று அர்த்தம். எந்தச் சிகிச்சை என்பது முதல் பக்கத்தில், எங்கள் டாக்டரின் கையெழுத்தில் இருக்கிறது. இதை அப்படியே அடித்து ஏற்றினால் ஆபா வழியாகத் தஞ்சாவூருக்கு, காரைக்காலுக்கு, ஜிப்மருக்குப் பத்திரமாகப் போய்ச் சேரப்போவது ‘சி.எஸ்.டி.’ என்ற மூன்று எழுத்துதான்.

டாக்டரிடம் இதை நான்தான் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை ஓ.பி. முடியட்டும்.